சுற்றை எண்ணாதே, மணியைப் பார்!

விடுதிக் கதைகளை மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். எனவே எனக்குச் சோறு போட்ட தொழிலின் சரித்திரத்தில் ஒரு துண்டை இம்மலருக்குத் தருகிறேன். தன்னோடு இணைத்த கருவியை ஓட்டும்போது கம்ப்யூட்டர் நேரத்தை எப்படி அளந்தது என்பதே அது.

முதலில் நான் பட்ட அடி. 1990-களின் தொடக்கத்தில் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்றுக்கு டாஸில் டிவைஸ் டிரைவர் எழுதினேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 2 மில்லி செகண்ட் இடைவெளி வேண்டும். வெறும் லூப் ஒன்றைச் சில ஆயிரம் தடவை சுற்றவிட்டு அந்த இடைவெளியை உண்டாக்கினேன். 386-இல் பிரமாதமாக ஓடியது. பிறகு வாடிக்கையாளர் 486 வாங்கினார். மோட்டார் நகராமல் நின்ற இடத்திலேயே உறுமியது. வேகமான புராசஸர் லூப்பைச் சீக்கிரம் முடித்துவிட, துடிப்புகள் நெருங்கிவிட்டன. "என்னப்பா, புது மெஷின்ல ஓடலையே?" என்று அவர் கேட்டபோது நான் தலைகுனிந்தேன்.

மெஷினுக்குள்ளேயே மணி இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறத் துணை அலையின் அதிர்வெண்ணுக்கு நான்கு மடங்கு அது. அதை மூன்றால் வகுத்துப் புராசஸருக்கும், பன்னிரண்டால் வகுத்து 8253 என்ற டைமர் சிப்புக்கும் கொடுத்தார்கள். டைமர் 65,536 எண்ணி முடித்ததும் ஒரு டிக். விநாடிக்குச் சுமார் 18.2 டிக். அதாவது 55 மில்லி செகண்டுக்கு ஒன்று. என் வேலைக்கு அது போதாது. ஆனால் டிக்குக்குள் ஓடும் எண்ணிக்கையைப் படித்தால், ஒவ்வொரு எண்ணும் 0.84 மைக்ரோ செகண்ட்தான்!

இதிலும் பொடி வைத்திருந்தது. பயாஸ் அமைத்த முறையில் டைமர் இரண்டிரண்டாகக் குறையும். அதை ஒன்றொன்றாகக் குறையும் முறைக்கு மாற்ற வேண்டும். டிக்கைப் படித்து, எண்ணிக்கையைப் படிப்பதற்குள் புது டிக் விழுந்துவிட்டால், நேரம் பின்னோக்கி ஓடியதுபோல் தெரியும். ஆகவே டிக், எண்ணிக்கை, மறுபடி டிக் என்று படித்து, இரண்டு டிக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் திரும்பப் படிக்க வேண்டும். இப்படி எழுதியபின் மோட்டார் எந்த மெஷினிலும் ஒரே சீராக ஓடியது.

இந்தக் குழியில் பெரிய தலைகளும் விழுந்தன. டர்போ பாஸ்கலின் டிலே வசதி, ஒரு டிக்கில் எத்தனை லூப் ஓடுகிறதென்று எண்ணி 55-ஆல் வகுத்துக்கொள்ளும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸ் புராசஸர்கள் வந்தபோது விடை 65,535-ஐத் தாண்டியது. ஓடிக்கொண்டிருந்த நல்ல நல்ல புரோகிராம்களெல்லாம் 'பிழை 200' என்று சொல்லித் தொடக்கத்திலேயே படுத்தன.

1993-இல் பென்டியத்தில், ஒவ்வொரு கடிகாரத் துடிப்பையும் எண்ணும் 64 பிட் கவுன்டர் வந்தது. "அப்பாடா!" என்றோம். பின்னர் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தை மாற்றிக்கொள்ளும் புராசஸர்கள் வந்ததும் அந்தக் கவுன்டரே பொய் சொல்லத் தொடங்கியது. வேகம் மாறினாலும் சீராக எண்ணும் கவுன்டர்கள் பிற்பாடுதான் வந்தன. லினக்ஸில் 2006-இல் உயர்துல்லிய டைமர் அமைப்பு சேர்ந்தது. மறு ஆண்டில் சாதாரண பிசிக்களிலும் டிக்குக்குக் காத்திராமல் மைக்ரோ செகண்ட் அளவில் எழுப்ப முடிந்தது. ஆனாலும், எழுப்பிய வேலை உடனே ஓடும் என்ற உறுதி வேறு விஷயம். அதற்கான ரியல் டைம் வசதி 2024-இல்தான் மூல லினக்ஸில் முழுமையாக இடம்பெற்றது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வார்த்தை. உங்கள் புரோகிராம், நீங்கள் இன்னும் பார்க்காத மெஷினில் ஓடப்போகிறது. அதன் வேகத்தை ஊகிக்காதீர்கள், மணி பாருங்கள். நான் வாடிக்கையாளர் முன்னால் நின்று கற்ற பாடத்தை, நீங்கள் லேபிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.