இலவசக் கல்வியும் பல்கலைக்கழக வாயிலும்

1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோற்றம் பெற்றபோது அதிற் பயின்ற மாணவர் தொகை ஏறத்தாழ 900 ஆகும். இவர்களுட் பெரும்பாலோர் கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலைகளிலிருந்து வந்தோர். கிராமத்துச் சுயபாஷைப் பாடசாலையிற் படித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்பது கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அத்தூரத்தைக் குறைக்க இந்நாட்டில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பல. ஆயினும், ‘வாய்ப்புக் குறைந்தவன் யார்?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கூறப்பட்டது. அவ்விடைகளின் வேறுபாடு பல தலைமுறை மாணவரின் வாழ்வை நிர்ணயித்தது.

முதல் விடை சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவினுடையது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராகவிருந்த அவர், தாமே புலமைப்பரிசிலின் துணையுடன் காலி றிச்மண்ட் கல்லூரியிற் கற்றவர். அவரது தலைமையிலமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியாயிற்று. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாதல் வேண்டுமென்ற விதப்புரை 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கட்டணப் பாடசாலைகளை நடத்தியோரும் அரசாங்க சபை உறுப்பினர் சிலரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மத்துகமவிற் போட்டியிட்ட கன்னங்கரா தோல்வியுற்றார்.

கட்டண நீக்கத்தினும் ஆழமான விளைவைத் தந்தவை மத்திய கல்லூரிகளே எனலாம். கட்டணத்தை நீக்கினாலும் வயிற்றை நீக்க முடியாது. நல்ல பாடசாலை நகரத்திலிருக்க, பிள்ளை கிராமத்திலிருந்தால் இலவசக் கல்வி வெறும் சொல்லாகவே நின்றுவிடும். ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்து, தேறிய பிள்ளைகளைத் தெரிந்து, விடுதியுணவுடன் கற்பிக்கும் பாடசாலைகளைக் கிராமப்புறங்களிலேயே நிறுவுவது என்பது இக்குறையை உணர்ந்த திட்டமாகும். மட்டக்களப்பில் வந்தாறுமூலையில் அமைந்த மத்திய கல்லூரி இவற்றுள் ஒன்று. வயலும் காடும் சூழ்ந்த ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் விடுதியில் தங்கி அங்கு கற்றனர். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் அக்கல்லூரியின் வளவிலேதான். பின்னர் அது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

மலையகத் தோட்டப் பாடசாலைகள் இவ்வேற்பாட்டுக்குப் புறம்பாகவே கிடந்தன. தோட்ட நிர்வாகத்தின் கீழ், பெரும்பாலும் ஓராசிரியரோடும் ஒரே மண்டபத்தோடும் இயங்கிய அவற்றிலிருந்து ஐந்தாம் வகுப்பைத் தாண்டியோர் சிலரே. அரசாங்கம் அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களிலேயே. இலவசக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் 1945ஐப் போற்றும்போது, இம்மக்களுக்கு அவ்வாண்டு முப்பது ஆண்டுகள் பிந்தி வந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

1960இலிருந்து சிங்களத்திலும் தமிழிலும் கலைத்துறைக் கல்வி பல்கலைக்கழகத்தில் வழங்கப்படலாயிற்று. மாணவர் தொகை வெகுவேகமாகப் பெருகி, 1960களின் நடுப்பகுதியில் 14,000ஐ அண்மித்தது. ஆனால் விஞ்ஞானக் கல்விக்கு ஆய்வுகூடம் வேண்டும். பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும். இவை கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி, காலி முதலிய இடங்களின் பழம் பாடசாலைகளிலேயே இருந்தன. ஆகவே கிராமத்து மாணவன் கலைப்பட்டம் பெற்று வேலையின்றி அலைய, மருத்துவமும் பொறியியலும் வசதி படைத்த பாடசாலைகளின் பங்காயின. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்ற அமைப்புகளும் வளர்த்த பாடசாலைகள் விஞ்ஞானத்தில் முன்னணியில் நின்றன. நிலமும் தொழிலும் குறைந்த அப்பிரதேசத்தில் உத்தியோகக் கல்வியே பிழைப்பாகவும் இருந்தது.

இந்நிலையை மாற்ற எடுத்த நடவடிக்கை இரண்டாவது விடையாகும். 1971ஆம் ஆண்டு அனுமதியில் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் ஆகக்குறைந்த எல்லையாக விதிக்கப்பட்டன. மருத்துவத்தில் இவ்வெல்லை முறையே 250, 229 ஆகும். 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. இங்கு வாய்ப்புக் குறைந்தவன் யாரென்பதை அளந்த கோல் வருமானமன்று, ஊருமன்று. பரீட்சை எழுதிய மொழியேயாம். தமிழில் எழுதிய வன்னி விவசாயியின் மகனும் யாழ் நகர மருத்துவரின் மகனும் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர். இதனை வறியோருக்கு வழங்கிய சலுகையெனக் கூறுதல் பொருந்தாது. இளைஞர் உள்ளங்களில் இம்முறை ஏற்படுத்திய காயம் பின்வந்த அரசியலைப் பெரிதும் உருவாக்கியது.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்க்கப்பட்டது. மாவட்டத்தின் சனத்தொகை விகிதத்துக்கேற்ப இடங்கள் பகிரப்பட்டன. கொள்கையளவில் இது முன்னையதிலும் நியாயமானது. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளின் மாணவருக்கும் இது பயனளித்தது. யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த விவாதங்களில் இவ்வுண்மை அதிகம் பேசப்படவில்லை. ஆயின் இதனுள்ளும் ஒரு முரண் இருந்தது. மலையக மாவட்டங்களின் சனத்தொகையிற் தோட்டத் தொழிலாளரும் எண்ணப்பட்டனர். அவர்களது தலைகளால் மாவட்டத்தின் இடங்கள் பெருகின. ஆனால் அவர்களது பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை மண்டபத்தை எட்டாதிருந்தமையால், அவ்விடங்கள் அதே மாவட்டத்தின் ஏனையோருக்கே சென்றன. எண்ணிக்கைக்கு ஒருவர், பயனுக்கு இன்னொருவர் என்ற நிலை இது. கொழும்பின் சேரியில் வாழ்ந்த சிறுவனுக்கும் இவ்வளவுகோலில் இடமில்லை; அவன் முன்னேறிய மாவட்டத்தவன்.

மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்ட பின், திறமை, மாவட்டச் சனத்தொகை, பின்தங்கிய மாவட்டம் என்ற மூன்றையும் கலந்த முறை 1979இல் அமைந்தது: முறையே நூற்றுக்கு 30, 55, 15. விகிதங்கள் பின்னர் பலமுறை மாறின, அமைப்பு மாறவில்லை.

மாணவனின் குடும்ப வறுமையை நேரே நோக்கிய முயற்சி மகாபொல நிதியமாகும். வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அது நிறுவப்பட்டது. கண்காட்சிகளிலும் பின்னர் லொத்தர் விற்பனையிலும் கிடைத்த வருவாய் அதற்குச் சென்றது. சந்தியில் நின்று லொத்தர் சீட்டு வாங்குபவர் பெரும்பாலும் வறியவரே. அவ்வகையில் வறியவரே வறியவரின் பிள்ளைக்கு விடுதிச் சோறு போட்டனர் எனலாம். தேர்வுக்குப் பெற்றோரின் வருமானம் கவனிக்கப்படுகிறது. சம்பளம் பெறும் எழுதுவினைஞரின் வருமானம் தாளில் அப்படியே தெரியும். கடைக்காரரின் வருமானத்தை அவர் சொல்லியே அறியவேண்டும். இக்குறை இருந்தபோதிலும், மாதாந்தம் வந்த அத்தொகையின்றிப் பட்டப்படிப்பை முடித்திருக்க முடியாதோர் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உளர்.

பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலும் காலந்தோறும் நீண்டது. பிற்காலத்தில் அது 16 மாவட்டங்களைக் கொண்டதாயிற்று. போரும் இடப்பெயர்வும் பாடசாலைகளைச் சிதைத்தபின், நுவரெலியா, மொனறாகலை, மன்னார், முல்லைத்தீவு ஆகியவற்றோடு அப்பட்டியலிற் சேர்ந்த பெயர்களுள் ஒன்று யாழ்ப்பாணம்.