கூப்பன் அரிசியும் கடைக் கொப்பியும்

புத்தளம் கரையோரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் எங்கிருந்து தொடங்குவர் என்பது வாசகர்கள் அறிந்ததே. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ நமது புத்தளமே என்பதில் தொடங்குவார்கள். பின்னர் ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கட்டத் தொடங்கிய கோட்டை, கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கைக் கசற்றியர், பிரித்தானியரின் உப்புத் தனியுரிமை, 1926இல் வந்து சேர்ந்த புகையிரதப் பாதை என்று கட்டுரை நகரும். இவை யாவும் வேண்டியவையே. நானும் வகுப்பில் இவற்றைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். எனினும் இந்த வரலாற்றில் ஒரு வீடு இல்லை. உப்பு எத்தனை அந்தர் விளைந்தது என்ற கணக்கு அரசாங்க அறிக்கைகளில் இருக்கிறது. அந்த உப்பைச் சட்டியில் போட்ட வீட்டில் மாதம் எப்படி முடிந்தது என்ற கணக்கு எங்கும் இல்லை.

அக்கணக்கின் ஒரு சிறு பகுதியை இங்கே எழுதிப் பார்க்கிறேன். நான் எடுத்துக்கொள்வது ஊரார் ‘வசதியானவர்கள்’ என்று சொல்லும் மாதச் சம்பளக் குடும்பத்தை. ஆசிரியர், எழுதுவினைஞர், தபாலதிபர் ஆகியோரின் வீடுகள் அவை. கல் சுவர் இருக்கும், ஓடு இருக்கும், பிள்ளைகள் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் சம்பள நாளுக்கு ஒரு கிழமை முன்பே கை வற்றிவிடும். என் வாப்பாவும் ஆசிரியர், நானும் ஆசிரியர் என்பதால் இரண்டு தலைமுறையாக இக்கணக்கை உள்ளிருந்து பார்த்தவன் நான்.

இத்தகைய குடும்பங்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. “அந்தக் காலத்திலே ஒரு சம்பளத்திலே ஏழு பிள்ளையை வளர்த்தோம். இப்போ ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு சம்பளம் காணாது. சிக்கனம் தெரியாத காலம்” என்பார்கள். இளம் ஆசிரியர்கள் இதை நம்பி வெட்கப்படுகிறார்கள். சிலர் வீட்டில் மனைவியின் மீது பழி போடுகிறார்கள். இப்பேச்சு வரலாற்று ரீதியாகச் சரியன்று என்பதே என் முடிவு. நமது கரையில் மாதச் சம்பளம் ஒருபோதும் தனியாக ஒரு வீட்டைத் தாங்கியதில்லை. அதற்கு முண்டு கொடுத்து நின்றவை நான்கு: சங்கக்கடை அரிசி, கடைக் கொப்பி, சீட்டு, பெண்களின் நகை. இந்த நான்கின் வரலாறுதான் நமது வீட்டுச் செலவின் வரலாறு.

முதலில் அரிசி. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கை இறக்குமதி செய்தது. அதில் அதிகமும் பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட, பங்கீடு வந்தது. அதனை விநியோகிக்க நாடெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் முளைத்தன. அவைதாம் நமது வாயில் ‘சங்கக்கடை’ ஆயின. பங்கீட்டுப் புத்தகம் ‘கூப்பன்’ ஆயிற்று. யுத்தம் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. ஆசிரியர் வீட்டுக்கும் கரைவலைக்காரர் வீட்டுக்கும் ஒரே அளவு அரிசி ஒரே விலையில் கிடைத்தது.

அந்த விலையில் கை வைப்பது எத்தனை பாரதூரமானது என்பதை 1953 காட்டியது. அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசியின் விலை ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய வரலாறு உலகில் அதிகம் இல்லை. 1966 டிசம்பரில் இரண்டு கொத்து ஒரு கொத்தாகக் குறைந்தது. அந்த ஒன்று இலவசமாயிற்று. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டு வருவோம் என்ற வாக்குறுதி 1970 தேர்தலில் ஒலித்ததும் இதன் தொடர்ச்சிதான்.

மாதச் சம்பளக் குடும்பத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான ஆண்டு 1978. அவ்வாண்டு ஜனவரியில், மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமே பங்கீட்டு அரிசி என்று அரசாங்கம் வரையறுத்தது. அங்கத்தவர் கூடிய குடும்பங்களுக்கு அவ்வெல்லை சற்று உயர்த்தப்பட்டது. வாப்பாவின் சம்பளம் சொற்பத் தொகையால் அந்த எல்லையைத் தாண்டியிருந்ததாம். நான் பிறப்பதற்கு முன் நடந்தது இது. ஆனால் உம்மா அதைச் சொல்லும்போது நேற்று நடந்தது போலவே சொல்வார். “சம்பளம் ஒரு சதமும் கூடல்ல, ஆனா நாங்க ஒரே நாளிலே பணக்காரராகிட்டோம்” என்பது அவரது வாசகம். எஞ்சியவர்களுக்கும் 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் எழுதப்பட்டிருந்தது. விலைவாசியோடு அது ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாயிற்று. கொத்தில் அளந்த உதவிக்கும் ரூபாவில் அளந்த உதவிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பெண்கள் அடுப்படியிலேயே கண்டுகொண்டார்கள்.

அன்று தொடங்கிய நிலைதான் இன்று வரை தொடர்கிறது. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும என்று பெயர்கள் மாறின. எந்தப் பட்டியலிலும் ஆசிரியர் வீடு இருக்கவில்லை. வறியோருக்கே அவ்வுதவி சேர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நான் சொல்வது வேறு. “ஒரு சம்பளத்தில் ஏழு பிள்ளைகள்” என்று பெருமைப்படும் தலைமுறை, அந்தச் சம்பளத்தோடு கிழமைதோறும் வீட்டுக்கு வந்த அரிசியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறது.

அடுத்தது கடைக் கொப்பி. நமது கரையின் வருமானம் பருவத்தோடு வருவது. மழை பெய்தால் உப்பு விளையாது. கடல் கொந்தளித்தால் வலை இறங்காது. கற்பிட்டிக் குடாநாட்டு வெங்காயத் தோட்டமும் அறுவடை வரை காத்திருக்க வேண்டியது. இத்தகைய இடத்தில் மாதத்தின் ஒரு குறித்த நாளில் பணம் வரும் வீடு கடைக்காரருக்குப் பெரும் பிடிமானம். எனவே ஆசிரியர் வீட்டுக்குக் கொப்பி தாராளமாகத் திறந்தது. சீனி, பருப்பு, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளன்று கோடு அடிக்கப்படும். வட்டி இல்லை. விலையில் ஐந்து சதம் பத்துச் சதம் கூடுதலாக இருக்கும் என்பது இரு தரப்பும் அறிந்த இரகசியம். மீன் பருவம் பிழைத்த மாதங்களில் ஆசிரியரின் சம்பளமே கடையைத் தாங்கும். நல்ல பருவத்தில் மீனவரின் பணம் தாங்கும். கடைக் கொப்பி ஒருவரது கடன் மட்டுமன்று, முழு ஊரின் பருவங்களையும் சமப்படுத்திய ஏற்பாடு அது.

இதன் அருமை கொழும்பு எழுதுவினைஞர்களின் கதையோடு ஒப்பிட்டால் புரியும். சம்பள நாளில் அலுவலக வாசலில் காத்து நின்ற ஆப்கானிய வட்டிக்காரர்களைப் பற்றிப் பழையவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்த 1918இலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நமது கிராமங்களில் அந்த இடத்தை நிரப்பியது கொப்பியும், மூன்றாவது முண்டான சீட்டும்.

சீட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பெண்கள் மாதந்தோறும் சம தொகை போட, ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு முழுத் தொகை. இதற்கும் அரசாங்கம் 1935இல் ஒரு சட்டம் செய்தது. ஆங்கிலச் சட்டப் புத்தகத்திலும் அதன் பெயர் ‘சீட்டு’ கட்டளைச் சட்டம் என்பதே. கழிவோ ஏலமோ இல்லாத சமச் சீட்டில் வட்டிக்கு இடமில்லாததால், மார்க்க ரீதியாகவும் நம் பெண்களுக்கு அதில் உறுத்தல் இருக்கவில்லை. பாடசாலை திறக்கும் ஜனவரி மாதமும் பெருநாள் மாதமும் யாருக்கு என்பதில்தான் பேச்சுவார்த்தை நடக்கும். சீட்டுக்குப் பணம் பல வீடுகளில் பிடியரிசியிலிருந்து வந்தது. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து முட்டியில் போடுவது பெண்களின் வழக்கம். கூப்பன் அரிசி நின்ற பிறகு அந்தப் பிடியும் சிறுத்தது. ஒரு முண்டு சரிந்தால் அடுத்ததும் ஆடும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நான்காவது நகை. 1961இல் மக்கள் வங்கி நிறுவப்பட்டு, அதன் அடகுச் சேவை கிராமங்களை எட்டியபோது, தனியார் அடகுக்காரரின் பிடியிலிருந்து பலர் தப்பினர். ஆனால் அடகுக்கு வட்டி உண்டு. வெள்ளிக்கிழமை குத்பாவில் வட்டியைப் பற்றிக் கேட்ட மனிதர், திங்கட்கிழமை மனைவியின் காப்போடு வங்கி வாசலில் நிற்கும் நிலை நம் சமூகத்தின் பெரிய மனச்சங்கடம். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு வட்டியில்லா முறைக்கு வழி பிறந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. ஆயினும் அவசரத்துக்கு இருபதாயிரம் தேவைப்படும் வீட்டுக்கு, அருகில் இருப்பது இன்றும் பழைய வாசல்தான்.

இந்த நான்கும் இல்லாமல் போனால் ஒரு வீடு என்னவாகும் என்பதை நம் கரை 1990 ஒக்டோபரில் நேரில் கண்டது. வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். மன்னாரிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், வியாபாரிகள் இருந்தார்கள். நேற்று வரை வசதியானவர்கள். யாழ்ப்பாணத்தில் நகைகளும் பறிக்கப்பட்டிருந்தன. தெரிந்த கடை இல்லை, எனவே கொப்பி இல்லை. அயலவர் இல்லை, எனவே சீட்டு இல்லை. அரசாங்க ஆசிரியருக்குச் சம்பளம் தொடர்ந்தது. ஆனால் சம்பளம் மட்டும் போதவில்லை. நிவாரண உலர் உணவே அவர்களுக்குக் கூப்பனாயிற்று. ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் முகாம்களில் பெண்கள் மீண்டும் சீட்டுப் பிடிக்கத் தொடங்கியபோதுதான் குடும்பங்கள் கால் ஊன்றின என்று அங்கு வாழ்ந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பின்னர் வந்தது 2022. டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் தாவியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஓராண்டுப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. உணவில் அது 95 வீதத்தை நெருங்கியது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. ஆனால் நமது கரைக்கு விழுந்த பெரிய அடி மண்ணெண்ணெயில்தான். 2022 ஆகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அதற்கு முன்பே பல மாதங்கள் அது கிடைக்கவுமில்லை. இயந்திரப் படகு கரையில் கிடந்தது. மீனவரால் கடைக் கடன் கட்ட முடியவில்லை. மொத்த வியாபாரி கடைக்காரரிடம் ரொக்கம் கேட்டார். என் கிராமத்தில் மூன்று கடைகளில் இரண்டு கொப்பியை மூடின. படகு ஓடாததால் ஆசிரியர் வீட்டுக் கொப்பியும் மூடப்பட்டது. நுரைச்சோலையில் 900 மெகாவொட் அனல்மின் நிலையம் நம் கண்முன்னே புகைவிட்டுக்கொண்டிருக்க, மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியது.

சம்பளம் உயரவில்லையா? உயர்ந்தது. 2021இல் ஆசிரியர்கள் மூன்று மாதங்களுக்கு மேலாக இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடிச் சம்பள முரண்பாட்டுக்கு ஒரு பகுதித் தீர்வு பெற்றார்கள். 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்த ஏற்பாடு செய்தது. முன்பிருந்த சில படிகள் அதற்குள் அடங்கியதால் உண்மையான கூடுதல் 8,250 ரூபா. சம்பளம் உயர்ந்தது உண்மை. முண்டுகள் விழுந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாமல் சிக்கனத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

1857இல் ஏர்ண்ஸ்ற் ஏங்கல் என்ற ஜேர்மனியப் புள்ளிவிபரவியலாளர், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பதே அது. இன்றும் உலகெங்கும் பொருளியல் மாணவர் அதைப் படிக்கிறார்கள். அவருக்குக் கிடைத்த மூலப்பொருள் சாதாரண வீடுகளின் வரவு செலவுக் குறிப்புகள்தாம். நம் உம்மாமாரும் அத்தகைய குறிப்புகளை வைத்திருந்தார்கள். நாட்காட்டியின் பின்புறத்திலும், பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பிகளிலும், சில வீடுகளில் அரபுத் தமிழிலும் எழுதினார்கள். அவற்றை வரலாற்று மூலங்கள் என்று யாரும் கருதவில்லை. பழைய பேப்பரோடு கடலை சுற்றப் போயின.

கடந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம், வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய கூப்பன், கடைக் கொப்பி, சீட்டுக் கணக்கு எதுவானாலும் படியெடுத்து வருமாறு சொன்னேன். பதினொரு பிள்ளைகள் கொண்டு வந்தார்கள். ஒன்றில் சீனி, தேயிலை, பாண் என்ற வரிசைக்கு நடுவே, “மாஸ்டர் வீட்டுக்கு அரிசி ரெண்டு கொத்து, திருப்பித் தரத் தேவையில்லை” என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் ஒரு மீனவரின் மனைவி. ‘வசதியான’ வீட்டுக்கு யார் முண்டு கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த ஆவணம் எந்தக் கச்சேரியிலும் கிடைக்காது. மற்ற ஊர்களிலும் ஆசிரியர்கள் இதனைச் செய்யலாம். அக்கொப்பிகளை எழுதிய கைகளில் பல இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமை.