பாடம் சொல்ல மறுத்த நாவு

பிள்ளைகளுக்குக் கணிதமும் இலக்கணமும் கற்பித்தால் மட்டும் போதாது. தம் கோபத்தையும் பொறாமையையும் அச்சத்தையும் தாமே இனங்கண்டு ஆளும் பக்குவத்தையும் பள்ளிக்கூடம் ஊட்டவேண்டும் என்று இக்காலக் கல்வியாளர் வலியுறுத்துகின்றனர். நல்ல கருத்தே. ஆயினும் இது நமக்குப் புதிதன்று. தன்னைத்தானே கணக்குக் கேட்பதாகிய 'முஹாஸபா'வை நம் முன்னோர் ஒரு கல்வியாகவே வளர்த்தனர். ஹிஜ்ரி 243-இல் (கி.பி. 857) பக்தாதில் மறைந்த ஹாரிஸுல் முஹாஸிபீ (ரஹ்) அவர்களுக்கு அப்பெயர் வாய்த்ததே இதனால்தான். அன்னாரின் நூல்களைக் கற்றுப் பயனடைந்தவர்களுள் ஒருவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், 484-இல் (1091) பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியராக அமர்ந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது ஏறத்தாழ 34. முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அமைச்சர்களும் அறிஞர்களும் போற்றினர். இத்தனை சிறப்பினிடையே அவர்கள் தம் உள்ளத்தை நோக்கி ஒரு கேள்வி கேட்டார்கள்: நான் யாருக்காகக் கற்பிக்கிறேன்?

கிடைத்த விடை அவர்களைத் திடுக்குறச் செய்தது. இறைவனின் திருப்தியைக் காட்டிலும் பெயரும் புகழுமே தம்மைப் பாடம் சொல்லத் தூண்டுவதைக் கண்டார்கள். பதவியைத் துறக்க மனம் துணியவில்லை, இருக்கவும் இசையவில்லை. 488 ரஜப் மாதம் (1095) தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதங்கள் இப்போராட்டம் நீடித்தது. மாணவர்களின் மனம் குளிரவேனும் ஒருநாள் பாடம் சொல்லலாம் என முயன்றார்கள். நாவு ஒரு சொல்லையும் உச்சரிக்க மறுத்துவிட்டது! உணவு செல்லவில்லை. உள்ளத்து நோய் உடலில் இறங்கியது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். இறுதியில் குடும்பத்தின் தேவைக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்து, திமிஷ்கு நோக்கிப் புறப்பட்டார்கள். இவ்வளவையும் பிற்காலத்தில் 'அல் முன்கித்' என்னும் நூலில் ஒளிவுமறைவின்றித் தாமே எழுதிவைத்தார்கள்.

தம் நெஞ்சைத் தாமே சோதித்த அந்த ஆசிரியர்தான் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதினார்கள். நாற்பது கிதாபுகள் கொண்ட அந்நூலின் 22-ஆம் கிதாபில் அப்பகுதி உள்ளது. குழந்தையிடம் வெட்கவுணர்வு அரும்புவதே அறிவின் ஒளி உதிப்பதற்கு அடையாளம் என்பது இமாமவர்களின் முடிவு. இது தகும், இது தகாது என்று பிள்ளை தானாகவே உணரத் தொடங்கும் வேளை அது. ஆகவே அந்த வெட்கத்தைக் காப்பதே வளர்ப்போரின் முதற்கடமை. நற்செயலைக் கண்டால் பிறரறியப் பாராட்டவேண்டும். முதல்முறை தவறினால், அதிலும் பிள்ளையே அதை மறைக்க முயன்றால், காணாததுபோல் விட்டுவிட வேண்டும். மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்கவேண்டும். ஓயாமல் ஏசினால் சொல்லின் மதிப்புக் கெடும். பிள்ளையின் உள்ளம் மரத்துப்போகும். பாடம் முடிந்தபின் விளையாடவும் விடவேண்டும். விளையாட்டைத் தடுப்பது உள்ளத்தைச் சாகடிக்கும் என்றும் எச்சரிக்கிறார்கள்.

இதனை எழுதும் எளியேனும் இவ்விஷயத்தில் தவறியவனே. பல ஆண்டுகளுக்கு முன், பாடம் ஒப்புவிக்கத் தடுமாறிய ஒரு மாணவனை வகுப்பே கேட்கும்படி கடிந்துகொண்டேன். மறுநாள் பிழையின்றி ஒப்புவித்தான். ஆனால் என் முகத்தை ஏறிட்டு நோக்கவில்லை. அதன் பின்னரும் நோக்கவில்லை. இஹ்யாவின் இப்பகுதியை மீண்டும் ஓத நேர்ந்தபோது, அன்று எனக்கு வந்தது அவன் நலம் நாடிய கோபமா, என் வகுப்பின் பெயர் கெடுமே என்ற கோபமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கிடைத்த விடை எனக்கு உவப்பாக இல்லை.

தன் குறையை ஒருவன் அறிய இமாமவர்கள் நான்கு வழிகள் கூறுகிறார்கள்: தேர்ந்த குருவின் பார்வை, உண்மையான நண்பனின் சொல், பகைவனின் பழிப்பு, பிறரிடம் காணும் குறை தன்னிடமும் உண்டா என்ற ஆராய்ச்சி. பெற்றோரும் ஆசிரியரும் இவற்றை முதலில் தம்மீது பயன்படுத்துவார்களாயின், பிள்ளைகள் சொல்லாமலே கற்பர். மதிப்பெண் குறைந்த மகனை உறவினர் கூடியிருக்கும் முற்றத்தில் நிறுத்தி நாணச்செய்யும் நாம், அக்கோபம் யாருக்காக என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டாமா?

499-இல் (1106) இமாமவர்கள் நைஸாபூரில் மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தார்கள். முன்னர்ப் புகழைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது புகழாசையைத் துறக்கச் செய்யும் கல்வியைக் கற்பிப்பதாகவும் தம் நிலையைத் தாமே விளக்கினார்கள். 505-இல் (1111) பிறந்த மண்ணாகிய தூஸிலேயே மறைந்தார்கள்.

நம் உள்ளங்களை நாமே கணக்குக் கேட்கும் துணிவையும், நம் பிள்ளைகளின் வெட்கத்தைக் காக்கும் கனிவையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.