வயிற்றுப்புழு மருந்தாகுமா?

1968இல் நைஜீரியாவின் இபாதான் நகரில் பணியாற்றிய மருத்துவர் பிரையன் கிரீன்வுட் ஒரு புதிரைக் கவனித்தார். எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குவதால் வரும் முடக்குவாதம் அங்கே அபூர்வம், ஒட்டுண்ணிகளோ ஏராளம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்.

காரணம் இதுதான்: புழு பல ஆண்டுகள் உடலில் தங்க வேண்டுமானால் எதிர்ப்பாற்றலை அடக்கியாக வேண்டும். 2000இல் வெளியான காபோன் நாட்டு ஆய்வில், சிஸ்டோசோமா புழு இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு தூசிப்பூச்சி ஒவ்வாமை குறைவாக இருந்தது. எதிர்ப்பாற்றலை அமைதிப்படுத்தும் இன்டர்லூக்கின்-10 அதிகம் சுரந்ததும் தெரிந்தது.

2005இல் வெளியான அயோவா ஆய்வில், குரோன் குடல்நோயாளிகள் 29 பேர் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளை விழுங்கினார்கள். 23 பேர் தேறினார்கள். ஆனால் 2013இல் முடிவு தெரிந்த பெரிய சோதனையில் அது போலி மருந்தை விஞ்சவில்லை.

குழந்தைகளின் ரத்தத்தைக் குடிக்கும் கொக்கிப்புழுவுக்கும் இதே வித்தை தெரியும். எனவே பூச்சி மாத்திரையை நிறுத்தக் கூடாது. வித்தையை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும்.