பட்டத்தோடு முடியும் மேற்பார்வை: காஞ்சிபுரம் ஊரகத்தை முன்வைத்து ஒரு விவாதம்

1. சிக்கல்

மருத்துவ உளவியலாளர் யார் என்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 வரையறுக்கிறது. அவ்வரையறையின் ஒரு பிரிவு இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பைக் கேட்கிறது, அதில் மேற்பார்வையுடன் கூடிய சிகிச்சைப் பயிற்சி இடம்பெற வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்த நிபந்தனை படிப்பு முடிவதோடு முடிந்துவிடுகிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர் அன்று முதலே தனித்துச் சிகிச்சை அளிக்கலாம். சென்னையின் பெரிய மருத்துவமனையில் சேர்பவருக்கு மூத்தவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் போன்ற ஊரக வட்டத்துக்கு வருபவரின் வேலையைத் துறை அறிந்த இன்னொருவர் பார்ப்பதற்கு ஏற்பாடு ஏதும் இல்லை. மேற்பார்வையைப் பட்டத்தின் பகுதியாக மட்டும் வைத்திருப்பது பிழை. அது பணியிடத்தின் பகுதியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. மேற்பார்வை செய்வது என்ன?

பயில்பவர் மூத்தவரின் கண்காணிப்பில் சிகிச்சை செய்து பழகும் முறையை 1920இல் தொடங்கிய பெர்லின் உளப்பகுப்பாய்வு மருத்துவமனை பயிற்சியின் நிலையான அங்கமாக்கியது. பிரிட்ஜிட் ப்ராக்டர் 1986இல் மேற்பார்வையின் பணிகளை மூன்றாக வகுத்தார்: தொழில்நெறியைக் காத்தல், திறனை வளர்த்தல், பணிச்சுமையில் சோர்ந்தவரைத் தேற்றுதல். இம்மூன்றும் நடைமுறையில் தனித்தனியே நடப்பதில்லை.

வழக்கமாக நேரக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்ட மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் முப்பது வயதுப் பெண் ஒருவர், “தூக்கமே வரல, உடம்பெல்லாம் எரியுது” என்கிறார். ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. இளம் உளவியலாளர் பதற்றம் என்று குறித்துக்கொண்டு, மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்து அனுப்புகிறார். குறிப்பேடு ஒழுங்காகவே இருக்கிறது. மேற்பார்வையாளரோ முதலில் கேட்பது, “அவங்க பேசும்போது பக்கத்துல யாரு இருந்தாங்க?” என்பதைத்தான். மாமியார் இருந்திருக்கிறார். பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவரும் அவரே. குறிப்பேட்டில் அது ஏறவில்லை. அடுத்த முறை மாமியாரை மருந்து வாங்கும் வரிசைக்கு அனுப்பிவிட்டு, எடை பார்க்கும் சாக்கில் மருமகளைத் தனியே பார்க்கலாம் என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். இந்த நுணுக்கம் தேர்வில் கேட்கப்படுவதில்லை; நடந்ததை உடனிருந்து அலசும் ஒருவர் வேண்டும்.

3. காஞ்சிபுரம் தரும் சான்று

மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சமூகவழிச் சிகிச்சை பயன்படுமா என்று சோதித்த ‘கோப்சி’ ஆய்வு 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 282 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. காஞ்சிபுரத்தில் பொறுப்பேற்றது, சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநல நிறுவனம். வீடு வீடாகச் சென்றவர்கள் பள்ளிப்படிப்பு முடித்து, சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். அவர்களை மனநலச் சமூகப் பணியாளர்கள் தொடர்ந்து மேற்பார்வை செய்தனர். மருத்துவமனைச் சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் இவ்வகைச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களின் நோய்க்குறிகளும் செயல்திறன் இழப்பும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. சேவை அரிதான ஊரகப் பகுதிகளுக்கே இம்முறை மிகப் பொருந்தும் என்றும் ஆய்வு கூறியது.

மேற்பார்வையின் பங்கை மட்டும் அந்த ஆய்வு தனியே பிரித்து அளக்கவில்லை. ஆகவே பலன் முழுவதையும் அதன் கணக்கில் எழுத முடியாது. எனினும் அந்த அமைப்பு ஒரு முரணைக் காட்டுகிறது. சில வாரம் பயின்ற பணியாளருக்குத் தொடர்ந்து கேட்டுப் பேச ஒருவர் இருந்தார். இரண்டாண்டு பயின்ற உளவியலாளருக்கு அதே மாவட்டத்தில் அப்படி ஒருவர் உண்டு என்பதற்கு எந்த விதியும் உறுதி தரவில்லை. கூடுதலாகப் படித்தவருக்கு மேற்பார்வை குறைவாகப் போதும் என்ற எண்ணமே இதன் அடியில் இருக்கிறது. ஆனால் சிக்கலான நோயாளிகள் அவரிடம்தான் அனுப்பப்படுகிறார்கள்.

4. இரண்டு மறுப்புகள்

மேற்பார்வை செய்ய ஆள் எங்கே என்பது முதல் மறுப்பு. கோவாவில் சங்காத் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு விடை தருகின்றன. பதிவு செய்த ஆலோசனை அமர்வுகளைக் கேட்டு, தொழில்முறைப் பட்டம் இல்லாத ஆலோசகர்கள் ஒருவர் பணியை ஒருவர் மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு வல்லுநர் மதிப்பீட்டுடன் ஏற்கத்தக்க அளவில் ஒத்துப்போனது. இப்படி ஒருவரையொருவர் மதிப்பிடும் சமநிலையாளர் குழுவுக்கு ஒரு மூத்தவர் அவ்வப்போது வழிகாட்டினால் போதும். ஒலிப்பதிவுக்கு நோயாளியின் ஒப்புதல் தேவை. சிற்றூரில் குரலைக் கேட்டே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால், அப்பதிவை அலசும் குழு வேறு வட்டத்தைச் சேர்ந்ததாக இருப்பது நல்லது.

இரண்டாவது மறுப்பு: மேற்பார்வை என்ற பெயரில் அதிகாரம் நுழையும். இது கனமான மறுப்பு. உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டு, ஊராட்சி வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கியது. பொதுப்பணத்துக்கு அந்தக் கண்டிப்பு தகும். சிகிச்சை அறையில் அதையே பின்பற்றினால் பிழைகள் மறைக்கப்படும். பயில்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்பார்வையாளரிடம் எதையேனும் சொல்லாமல் விடுகிறார்கள் என்று நிக்கலஸ் லடானியும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் காட்டினர். ஜஸ்வந்த் சிங் நேகி 1973இல் குரு–சீடர் உறவை இந்தியச் சிகிச்சைக்கான முன்மாதிரியாக முன்வைத்தார். நோயாளிக்கு அந்த உறவு தெம்பூட்டலாம். ஆனால் மேற்பார்வையில், குருவின் முன் “தப்பு பண்ணிட்டேன்” என்று சொல்லச் சீடருக்கு நா எழாது. எனவே பணி மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவரும் மேற்பார்வை செய்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

5. முடிவுரை

தேசியக் கல்விக் கொள்கை 2020 எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்டது. மேற்பார்வையைச் சட்டம் எந்தப் படிப்போடு பிணைத்ததோ அந்தப் படிப்பே மறையும் நிலையில், புதிய பாடத்திட்டத்தில் சில மணி நேரங்களைச் சேர்ப்பது மட்டும் போதாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் பணி விதிகளில் மூன்றைச் சேர்க்கலாம்: வாரத்தில் ஒரு மணி நேரம் மேற்பார்வைக்கென ஊதியத்துடன் ஒதுக்கப்பட வேண்டும், அண்டை மாவட்ட உளவியலாளர்களோடு ஒரு சமநிலைக் குழு அமைய வேண்டும், நிர்வாக அதிகாரம் இல்லாத ஒரு மூத்தவர் அதை வழிநடத்த வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய பட்டமோ தேவையில்லை. அந்த ஒரு மணி நேரத்தையும் நோயாளிக்கான பணியாகவே சுகாதாரத் துறை கணக்கில் கொள்ள வேண்டும்.