காலக் கணக்கின் எல்லை

காலத்தை எண்ணும் முறைகள் சுழல்வன, தொடர்வன என இருவகைப்படும். கல்முனைக் கரையோரத்தில் இவ்விரண்டும் அருகருகே வழங்குகின்றன. இந்துக்களின் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை மீள்வன. 1958இல் பிறந்த விளம்பி 2018இல் மீண்டும் பிறந்தது. ஆதலின், வருடப் பெயர் மட்டுமே குறித்த ஏட்டின் காலம் ஐயத்துக்குரியது. சகாப்தமும் உடன் குறித்ததாயின் ஐயம் அகலும். முஸ்லிம்களின் ஹிஜ்ரியோ 622 தொட்டு மீளாது வளர்கின்றது.

கணினிக்கும் இவ்வியல்பு உண்டு. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 சனவரி 1 தொட்டு விநாடிகளை எண்ணுகின்றன. 32 பிட் எண்ணிக்கை 214,74,83,647இல் நிறைவுறும். அப்பொழுது இலங்கை நேரம் 2038 சனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியாக இருக்கும். அடுத்த விநாடி 1901ஆம் ஆண்டாய்த் தோன்றும். எண்ணிக்கையை 64 பிட்டாக விரிப்பதே இதற்குப் பரிகாரம். ஓபன்பிஎஸ்டி 2014இல் இதனை மேற்கொண்டது. மாற்றப்படாத பொறிகளின் பதிவுகள், சகாப்தமற்ற விளம்பி ஏடுகள் போன்று, பிற்காலத்தாரை மயக்கும்.