கண்ணுக்குத் தெரியாத வெயில்

வெயிலில் பாடுபடுகிறவர்களுக்குத் தோல் கறுப்பதும் எரிவதும் புதிதல்ல. "இன்றைக்குச் சூடு அதிகம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். ஆனால் தோலைச் சுடுவது நாம் உணரும் அந்தச் சூடுதானா? இதற்கு விடை கிடைத்த வரலாற்றை இன்று காண்போம்.

1800ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வாழ்ந்த வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியாகச் செலுத்தினார். ஒளி வானவில் நிறங்களாகப் பிரிந்தது. நிறங்களின்மேல் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்தையும் கடந்து, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பம் மிகுந்திருந்தது. அங்கே விழுந்தது அகச்சிவப்புக் கதிர்.

மறு ஆண்டு, 1801இல், ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் ரிட்டர் என்பவர் மறுகோடியான ஊதா நிறத்தை ஆராய்ந்தார். வெளிச்சம் பட்டால் கறுக்கும் வெள்ளி குளோரைடு என்னும் உப்பை அவர் பயன்படுத்தினார். ஊதாவுக்கு அப்பால், இருட்டாகத் தெரிந்த இடத்தில் அந்த உப்பு விரைந்து கறுத்தது. இவ்வாறு புற ஊதாக் கதிர் வெளிப்பட்டது.

சூடு ஒரு கோடியில். கறுக்கவைக்கும் ஆற்றல் மறு கோடியில். இது தோலுக்கும் பொருந்துமா?

லண்டன் அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோம் 1821இல் ஒரு சோதனையை வெளியிட்டார். தம் கைகளை வெயிலில் நீட்டி, ஒரு கையை மட்டும் கறுப்புத் துணியால் மூடினார். துணிக்கு அடியில்தான் சூடு அதிகம். ஆயினும் அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. திறந்திருந்த கைதான் புண்பட்டது. கருநிறத் தோலும் அந்தத் துணியைப் போல ஒரு காப்பு என்று அவர் முடிவு கட்டினார்.

1932இல் புற ஊதாக் கதிர்களை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தார்கள். சி மிகவும் கொடியது. ஆனால் வானிலுள்ள ஓசோனும் காற்றும் அதை முழுவதும் தடுத்துவிடுகின்றன. பி கதிரில் ஒரு பகுதி தரைக்கு வருகிறது. தோலைச் சுட்டுச் சிவக்கவைப்பது பெரும்பாலும் அதுதான். உடலில் வைட்டமின் டி உண்டாவதும் அதனால்தான். ஏ கதிர் கண்ணாடியையும் ஊடுருவி, தோலின் ஆழத்திற்குச் சென்று சுருக்கம் விழச் செய்கிறது. சூரியக் கதிர் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1992இல் அறிவித்தது.

நம் தோலின் கருநிறம் ஓரளவு காக்கும், முழுவதும் காக்காது. கண்ணுக்கோ அந்தக் காப்பும் இல்லை. பல்லாண்டு வெயில் கண்புரைக்கு ஒரு காரணமாகிறது.

நாம் பூமத்தியரேகைக்கு அருகில் வாழ்கிறோம். 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ 1.15க்கு. காலை 11 முதல் பிற்பகல் 3 வரை கவனம் தேவை. கடிகாரம் இல்லையா? நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். குளிர்ந்த காற்று வீசினாலும், மெல்லிய மேகம் மூடினாலும் அது குறைந்துவிட்டதாக நினைக்கக்கூடாது.

பால்மரக் காட்டில் அதிகாலையில் மரம் சீவுகிறவர்களுக்கு மரநிழல் துணை. புல் வெட்டுகிறவர்களும் இளஞ்செம்பனைக் காட்டில் உழைப்பவர்களும் திறந்த வெயிலில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தலைத்துண்டும், அகன்ற தொப்பியும், நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையுமே நல்ல கவசம். வெயில் தடுப்புக் களிம்பு கிடைத்தால் முகத்திலும் கையிலும் பூசலாம். ஆனால் துணியே முதற்காப்பு. பிள்ளைகள் நடுப்பகலில் நிழலில் விளையாடட்டும். ஆறாத புண்ணோ, வளர்ந்து நிறம் மாறும் மச்சமோ தென்பட்டால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய சட்டையின் நீண்ட கை புழுக்கமாக இருக்கலாம். ஹோம் மூடிய கையும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் அது புண்படவில்லை. இதை நினைவில் வையுங்கள்.